எண்ணூற்றாறு

லிஸ்பனில் ஆற்றுக்கு விலை
ஓர் இரவுக்கு முப்பத்தைந்து யூரோ.
நான்காம் மாடி வரை ஆறு கிடையாது,
எதிர்க் கட்டடத்துக் கொடியில் காயும் துணிதான்.
ஐந்தில் ஒரு கீற்று தெரியும்.
எட்டில் முழுசாகக் கிடக்கும் தேஜோ,
படகும் பாலமும் சேர்த்து.
விற்றால் எனக்கு நான்கு யூரோ.

ஆறு வருடமாக விற்கிறேன்.
பெரிய வித்தை ஒன்றுமில்லை.
மாலை ஐந்தரைக்கு அறையைக் காட்ட வேண்டும்.
திரையை நான் இழுக்கக் கூடாது,
அவர்கள் கையால் இழுக்க வேண்டும்.

தியோலிந்தா வந்தது மார்ச்சில், மழையில்.
கொவில்யானிலிருந்து ரயில்.
புதுப் பெட்டியின் கைப்பிடியில்
விலைச்சீட்டு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.
கம்பளி ஆலையில் முப்பத்தொரு வருடம் என்றார்,
தொழில் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று
நான் கேட்டதற்கு.
எதற்காகப் பயணம் என்ற கட்டத்துக்கு
“பார்க்க” என்றார்.

அவர் பதிவு செய்திருந்தது இருநூற்றுப் பதினான்கு,
லிஃப்டை ஒட்டிய மலிவு அறை.
அதையே ஒரு கைப்பந்துப் பயிற்சியாளருக்கும்
விற்றிருந்தது கணினி.
அவர் முன்பே வந்து குளித்துக்கொண்டிருந்தார்.
“உங்களுக்கு ஒரு நல்ல செய்தி” என்றேன்.
எங்கள் தொழிலில் தவறுக்கு அதுதான் பெயர்.
எண்ணூற்றாறு. கூடுதல் கட்டணம் இல்லை.
நன்றி சொன்னார்,
கடைக்காரர் சில்லறைக்குப் பதில் மிட்டாய் கொடுத்தால்
சொல்வோமே, அப்படி.

நள்ளிரவு தாண்டிக் கீழே வந்தார்,
இரவு உடுப்பின் மேல் மழைக்கோட்டு.
“ஏதாவது குறையா?”
“சத்தம்.”
மன்னிப்புக்கு வாய் திறந்தேன். கையமர்த்தினார்.
“சத்தமே இல்லை.
நான் மூச்சு விடுவது எனக்கே கேட்கிறது.
லிஃப்ட் பக்கம் என்று பார்த்துத்தானே தம்பி
அந்த அறையைக் கேட்டிருந்தேன்.”

தரைக்கு அடியில் ஓர் அறை உண்டு.
விலைப்பட்டியலில் வராது.
குழாய் வேலைக்கு வருபவர் எப்போதாவது தூங்குவார்.
சுவருக்கு அந்தப் பக்கம் சலவை இயந்திரங்கள் ஐந்து,
விடிய விடிய.
தயங்கித் தயங்கித்தான் காட்டினேன்.
சுவரில் உள்ளங்கையை வைத்துச் சற்று நின்றார்,
காய்ச்சல் பார்க்கிற மாதிரி.
“இது போதும்.”

எண்ணூற்றாறிலிருந்து பூஜ்யம் மூன்றுக்கு
மாற்றும்போது கணினி கேட்டது:
உயர்த்தலா, தாழ்த்தலா?
மூன்றாவது பொத்தான் இல்லை.
உயர்த்தல் என்று அழுத்தினேன்.
என் கணக்கில் நான்கு யூரோ ஏறியது.

காலை உணவு முடிந்து மேஜை துடைத்த பிறகு,
பத்தரைக்கு எழுந்து வந்தார். கன்னத்தில் தலையணை மடிப்பு.
காபியைக் குடித்துக்கொண்டே சொன்னார்,
“மூன்றாவது மிஷினில் பேரிங் போகப்போகிறது.
பாரம் ஏறினால் இடப்பக்கம் இழுக்கிறது.
சொல்லி வையுங்கள்.”
சலவைக்கார வல்தெமாரிடம் சொன்னேன். சிரித்தான்.
அடுத்த வாரம் சிரிக்கவில்லை.

ஆனால் அன்றிரவு மூன்று மணிக்கு
சாவியை எடுத்துக்கொண்டு
நான் எட்டாம் மாடிக்குப் போனேன்.
விளக்கைப் போடவில்லை.
நாற்காலி ஜன்னலோரம் இழுத்துக் கிடந்தது.
கைப்பிடியில் ஆரஞ்சுத் தோல்,
ஒரே சுருளாக உரித்தது.
உட்கார்ந்து பார்த்தேன்.
அந்த நேரத்தில் அங்கே ஆறு இல்லை.
இருட்டு, தூரத்தில் ஒரு விளக்கு,
நகர்கிறதா நிற்கிறதா தெரியாத ஒன்று.
இதைத்தான் விற்றுக்கொண்டிருந்தேனா?

எங்கள் வீடு அமதோராவில், தண்டவாளத்தை ஒட்டி.
வாடகை அதனால்தான் குறைவு.
முதல் ரயிலுக்கு
அலமாரிக் கண்ணாடித் தம்ளர்கள் ஒன்றையொன்று இடிக்கும்.
மகன் புரண்டு படுப்பான், விழிக்க மாட்டான்.
வேறு வீடு, வேறு வீடு என்று
மூன்று வருடமாகச் சொல்லி வருகிறேன் இரேனியாவிடம்.

தலையணை மேல் ஓட்டல் வைத்த சாக்லேட்
தொடாமல் இருந்தது. பிரித்தேன்.
காகிதம் கசங்கும் சத்தம்
அந்த அறை முழுக்கக் கேட்டது.